டெக்கத்லான் பக்கம் போகலாமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் பையன்களுக்குத் தடகளம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். டெக்கத்லான் என்று வாயைத் திறந்தாலே பையன்கள், அவர்களுடைய அப்பா அம்மா, பள்ளிக்கூடத்துப் பி.டி. சார்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு இங்கே மொத்தமாக எழுதிவைத்துவிடுகிறேன்.

முதலில், டெக்கத்லான் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டு நாளில் பத்துப் போட்டி. முதல் நாள் 100 மீட்டர், லாங் ஜம்ப், ஷாட்புட், ஹைஜம்ப், 400 மீட்டர். மறுநாள் 110 மீட்டர் ஹர்டில்ஸ், டிஸ்கஸ், போல்வால்ட் (நீளக் கோலை ஊன்றி உயரம் தாண்டுவது), ஜாவலின், கடைசியாக 1500 மீட்டர். வரிசை மாறாது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, பத்தின் கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்குத் தங்கம். ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 30 நிமிடம் இடைவெளி விடுவார்கள். அந்த 30 நிமிடத்தில் செருப்பு மாற்றி, தண்ணீர் குடித்து, மறுபடி உடம்பைச் சூடேற்றவே நேரம் சரியாக இருக்கும். லாங் ஜம்பிலும் எறிதல்களிலும் மூன்றே வாய்ப்புதான், தனிப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் கிடைப்பதுபோல ஆறு கிடையாது.

“ஒண்ணுலயே உருப்படாதவன் பத்துக்குப் போயி என்னத்தல கிழிக்கப் போறான்?” என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள். எங்கள் மைதானத்திலேயே கேட்கிறார்கள், அதுவும் அத்லெட்டிக்ஸ் தெரிந்த அண்ணாச்சிமார்களே கேட்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். உலக சாதனை பிரான்சின் கெவின் மேயர் கையில் இருக்கிறது, 2018 செப்டம்பரில் தலான்ஸ் என்ற ஊரில் எடுத்த 9,126 புள்ளி. அந்த இரண்டு நாளில் அவர் செய்தது இதுதான்: 100 மீட்டர் 10.55 விநாடி, லாங் ஜம்ப் 7.80, ஷாட்புட் 16.00, ஹைஜம்ப் 2.05, 400 மீட்டர் 48.42, ஹர்டில்ஸ் 13.75, டிஸ்கஸ் 50.54, போல்வால்ட் 5.45, ஜாவலின் 71.90, 1500 மீட்டர் 4 நிமிடம் 36.11 விநாடி. இதில் எந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக ஒலிம்பிக்ஸுக்குப் போனாலும் அவருக்குப் பதக்கம் இல்லை. லாங் ஜம்பையே எடுங்கள். நம்ம சாத்தான்குளம் பக்கத்து முதலூர்ப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் 8.42 மீட்டர் தாண்டினார், மேயரைவிட அறுபது சென்டிமீட்டருக்கு மேல் அதிகம். அப்படியிருந்தும் மேயர்தான் உலகின் முழுமையான விளையாட்டு வீரர் என்று பெயர் வாங்கினார். ஏனென்றால் அந்தப் பத்தில் எதுவும் ஓட்டையில்லை.

இந்த விளையாட்டே அவ்வளவுதான். குளத்துக் கரை மாதிரி, ஒன்பது இடத்தில் எவ்வளவு உயரம் போட்டிருந்தாலும் பத்தாவது இடத்தில் பள்ளமாக இருந்தால் தண்ணீர் அந்த வழியே போய்விடும். எங்கே பலம் என்று பார்ப்பதைவிட எங்கே பள்ளம் என்று பார்க்கிறவனுக்குத்தான் டெக்கத்லான் லாயக்கு.

புள்ளி எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? முதலிடம் வந்தால் கூடுதல் புள்ளி உண்டா?

கிடையாது. இதைத்தான் நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையாவதாக வந்தீர்கள் என்பது கணக்கிலேயே வராது. எத்தனை விநாடி, எத்தனை மீட்டர், அவ்வளவுதான். அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. 100 மீட்டரை 11.00 விநாடியில் ஓடினால் 861 புள்ளி, 10.90-ல் ஓடினால் 883. லாங் ஜம்ப் 6.50 என்றால் 697, 7.00 என்றால் 814. ஹைஜம்ப் 2.00 மீட்டருக்கு 803. 1500 மீட்டர் 4 நிமிடம் 30 விநாடிக்கு 745.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ் கதையைப் பையன்களிடம் அடிக்கடி சொல்வேன். அமெரிக்காவின் ரேஃபர் ஜான்சனும் தைவானின் சி.கே. யாங்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே கோச்சிடம் பயிற்சி எடுத்தவர்கள், நண்பர்கள். ரோமில் பத்துப் போட்டியில் ஏழில் யாங்தான் ஜான்சனை முந்தினார். ஜான்சன் முந்தியது மூன்றில் மட்டும்: ஷாட்புட், டிஸ்கஸ், ஜாவலின். ஆனால் அந்த மூன்றில் விட்ட இடைவெளி பெரிது. கடைசி 1500-க்கு முன்னால் யாங் பத்து விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும் என்ற நிலைமை. ஜான்சன் அவர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு ஓடி 1.2 விநாடிதான் பின்தங்கினார். தங்கம் ஜான்சனுக்கு, 58 புள்ளியில். ஏழு ஜெயித்தவருக்கு வெள்ளி.

ஒரு புள்ளிகூட வேலை செய்யும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பிரிட்டனின் டேலி தாம்சன் தங்கம் வாங்கினார், ஆனால் உலக சாதனை ஒரே ஒரு புள்ளியில் தவறிவிட்டது. பின்னால் ஹர்டில்ஸ் ஃபினிஷ் போட்டோவை மறுபடி பார்த்தபோது அவர் நேரம் நூறில் ஒரு பங்கு விநாடி குறைவு என்று தெரிந்து, அந்த ஒரு புள்ளி அவருக்குக் கிடைத்தது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பத்தையும் சேர்த்து ஆரம்பிக்க அவசரமே வேண்டாம். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஓட்டம், தாண்டல், ஏதாவது எறிவது, கொஞ்சம் ஜிம்னாஸ்டிக்ஸ் போதும், அதுவும் விளையாட்டாக. பதினான்கு பதினைந்தில் ஹர்டில்ஸும் போல்வால்ட்டும் பழகத் தொடங்கலாம். வயதுக்குத் தக்கபடி எடையும் உயரமும் மாறும். 18 வயதுக்குட்பட்டோருக்கு ஷாட் 5 கிலோ, 20-க்குட்பட்டோருக்கு 6, பெரியவர்களுக்கு 7.26. ஹர்டில்ஸ் பெரியவர்களுக்கு 106.7 சென்டிமீட்டர், அதாவது நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு இடுப்புக்கு மேலே நிற்கும். ஒரு ஹர்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 9.14 மீட்டர், அதை மூன்றே எட்டில் கடக்க வேண்டும். குட்டையான பையன் வேகம் இல்லாமல் இதற்குள் வந்தால் நான்காவது எட்டு வைப்பான், காலும் மாறிப்போகும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வேகத்தைத்தான் வளர்க்கச் சொல்கிறேன். பத்தில் 100, 400, ஹர்டில்ஸ், லாங் ஜம்ப், போல்வால்ட் ஐந்துக்கும் வேகம்தான் முதலீடு.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து என்னிடம் வர வேண்டாம்.

இந்த ஊரில் போல்வால்ட் எப்படிக் கற்பது? தாண்டி விழுகிற மெத்தைப் படுக்கையே இல்லையே?

இதுதான் உண்மையான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாவட்ட அளவில் டெக்கத்லான் பையன் ஒருவனின் தாளை வாங்கிப் பாருங்கள். 100 மீட்டர் நன்றாக இருக்கும், லாங் ஜம்ப் நன்றாக இருக்கும், போல்வால்ட் கட்டத்தில் மூன்று மீட்டருக்குக் கீழே ஏதோ ஓர் எண், இல்லையென்றால் நேராகச் சுழியம். கணக்கு என்ன சொல்கிறது? மூன்று மீட்டருக்கு 357 புள்ளி. நான்கு மீட்டருக்கு 617. ஐந்து மீட்டருக்கு 910. மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் 260 புள்ளி கிடைக்கிறது. அதே பையன் 100 மீட்டரில் 11.00-லிருந்து 10.90-க்கு வர ஒரு வருஷம் மல்லுக்கட்டுவான், கிடைப்பது 22 புள்ளி. எதில் உழைப்பு போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் எல்லாப் பையன்களும் ஏற்கெனவே நன்றாக வருவதையேதான் திரும்பத் திரும்பச் செய்வார்கள், அதில்தானே கைதட்டு கிடைக்கும்.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் போலே வேண்டாம் என்று சொல்வேன். கயிறு ஏறுதல், பாரில் தொங்கிக் காலை மேலே கொண்டுபோவது, கையால் நடப்பது. தோளும் வயிறும் பழக வேண்டும். அப்புறம் சின்ன போலைக் கீழே தாழப் பிடித்துக்கொண்டு, நாலைந்து எட்டு ஓடி, லாங் ஜம்ப் மணல் குழியில் ஊன்றி முன்னால் இறங்குவது. இதற்குப் படுக்கை தேவையில்லை, நன்றாகக் கிளறிவிட்ட மணல் போதும். வலக்கைப் பையன் என்றால் இடது காலில் எழும்ப வேண்டும், எழும்பும்போது மேல்கை நேராகத் தலைக்கு மேலே, எழும்புகிற காலின் நுனி அந்தக் கைக்கு நேர் கீழே. இது கைவராமல் பிடியை உயர்த்தினால் போல் பின்னுக்குத் தள்ளிவிடும். போலை ஊன்றுகிற பெட்டியிலேயே வந்து விழுவான். முறையான படுக்கை இல்லாத இடத்தில் கம்பி வைத்து உயரம் தாண்டப் பார்க்கவே கூடாது, எவ்வளவு தைரியமான பையனாக இருந்தாலும் சரி.

போல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடைக் கணக்கு எழுதியிருக்கும். 60 கிலோ என்று எழுதிய போலில் 72 கிலோ ஆள் ஏறினால் அது முறியலாம். வளர்கிற பையனுக்கு ஆறு மாதத்தில் போல் மாறும். ஃபைபர் போல் ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய், அதனால் எந்தப் பையனும் தனியாக வாங்கி மாளாது. மாவட்டத்தில் நாலைந்து கோச்சுகள் சேர்ந்து ஒரு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் வழி. நாலரை மீட்டர் நீளச் சாமானை ரயிலில் கொண்டுபோவது தனிக் கூத்து. படுக்கை வசதிப் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள், ஏற்றினாலும் கழிப்பறைப் பக்கம் திரும்பாது. சென்னைக்குப் போகிற மீட் என்றால் அங்கேயே யாரிடமாவது சொல்லி வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் பழகாத போலில் தாண்டுகிற பயம் இருக்கிறதே, அது வேறு.

நம் ஊர் வெயிலும் காற்றும் தடையா, உதவியா?

இரண்டும்தான். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் மைதானத்துப் புழுதி கண்ணைத் திறக்க விடாது. கயத்தாறு, முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலை சும்மாவா நிற்கிறது. அந்த மாதங்களில் ஸ்டாப்வாட்ச் காட்டுகிற 100 மீட்டர் நேரத்தை நம்பாதீர்கள். முதுகுக்காற்றில் 11.1 ஓடிவிட்டு மாநிலப் போட்டியில் 11.5 வந்ததும் முகத்தைத் தொங்கப்போடுவதில் அர்த்தமில்லை. சாதனைக்கு எண்ண வேண்டுமென்றால் 100, லாங் ஜம்ப், ஹர்டில்ஸ் மூன்றின் காற்று சராசரி விநாடிக்கு 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் டிஸ்கஸுக்கு எதிர்க்காற்று நல்லது. தட்டு காற்றின் மேலேறிக் கூடுதல் தூரம் மிதக்கும். எந்த வாக்கில் காற்று வந்தால் எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று ஆடி மாதம் இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறது, அந்த மாதத்தில் டிஸ்கஸும் ஜாவலினும் அதிகம் போடுங்கள்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துப் பையன்களுக்கு இன்னொரு வசதி, தேரி. செம்மணலில் மேடேறி ஓடினால் கெண்டைக்காலும் தொடையும் இரும்பாகும். வாரத்துக்கு ஒரு தடவை போதும், அதிகம் ஓடினால் பின்னங்கால் நரம்பு மல்லுக்கட்டத் தொடங்கும். வெயிலைப் பொறுத்தவரை, காலை ஏழரைக்குள் கடினமான வேலையை முடித்துவிடுங்கள். ஆனால் போட்டி நாளில் மதியம் பன்னிரண்டரைக்கு ஷாட்புட் போட வேண்டிவரும், அதனால் எப்போதாவது வெயிலிலும் பழகத்தான் வேண்டும். தொப்பி, ஈரத்துண்டு, நிழலில் உட்கார ஒரு குடை. அந்தக் குடையைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

1500 மீட்டருக்கு அவ்வளவு பயிற்சி தேவையா?

தேவையில்லை, ஆனால் பயப்படாமல் ஓடத் தெரிய வேண்டும். ஒன்பது போட்டி முடிந்து, ஜாவலின் போட்ட கை தூக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது வருகிற ஓட்டம் அது. 4:50-க்கு 619, 4:40-க்கு 680. பத்து விநாடிக்கு 61 புள்ளி. அந்தப் பத்து விநாடி பெரும்பாலும் மூன்றாவது சுற்றில்தான் தொலைகிறது. பெரிய 1500 ஓட்டக்காரனாக ஆகப் பார்த்து எடையைக் குறைத்தால் ஷாட்டும் டிஸ்கஸும் போய்விடும். உலக சாதனை வாங்கிய மேயருக்கே அதில் 705 புள்ளிதான்.

நடுவில் ஒரு போட்டி சொதப்பிவிட்டால்? விலகிவிடலாமா?

மூன்று ஃபவுல் போட்டால் அந்தப் போட்டிக்குச் சுழியம், அடுத்ததில் ஆடலாம். ஆனால் ஏதாவது ஒரு போட்டியைத் தொடங்காமலே விட்டால் கணக்கிலிருந்து பெயர் எடுத்துவிடுவார்கள். ஓட்டத்தில் முதல் ஃபால்ஸ் ஸ்டார்ட்டை மன்னிப்பார்கள், ஆனால் அந்த மன்னிப்பு அந்த ஓட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றுதான். அடுத்து யார் முந்தி எழுந்தாலும் அவர் வெளியே. 1988 சியோலில் மேற்கு ஜெர்மனியின் யூர்கன் ஹிங்சன், முன்னாள் உலக சாதனையாளர், முதல் போட்டியான 100 மீட்டரிலேயே மூன்று தடவை முந்தி எழுந்து வீட்டுக்குப் போனார். அப்போது விதி இன்னும் தாராளம்.

பெரிய ஆட்களுக்கே நடக்கிறது. அமெரிக்காவின் டான் ஓ’பிரையன் 1992 ஒலிம்பிக்ஸ் தேர்வில் முன்னணியில் இருந்தார், போல்வால்ட்டில் ஆரம்ப உயரத்தைக்கூடத் தாண்டவில்லை, சுழியம், அணியிலேயே இடமில்லை. சில வாரத்தில் உலக சாதனை செய்தார், 1996-ல் ஒலிம்பிக்ஸ் தங்கமும் வாங்கினார். மேயரே 2018 ஆகஸ்டில் பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் லாங் ஜம்ப் மூன்றும் ஃபவுல் போட்டு விலகினார், அந்த வெறியில்தான் அடுத்த மாதம் தலான்ஸுக்குப் போய் 9,126. 2024 பாரிஸில் டோக்கியோ சாம்பியன் டாமியன் வார்னரும் போல்வால்ட்டில் உயரம் எதுவும் தாண்டாமல் போனார்.

இதில் பையன்கள் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஆரம்ப உயரத்தைத் தாழ வையுங்கள். பயிற்சியில் நான்கு மீட்டர் தாண்டுகிறவன் போட்டியில் 3.40-ல் தொடங்கட்டும். கௌரவம் பார்த்து 3.80-ல் தொடங்குகிறவனுக்குத்தான் சுழியம் வருகிறது. லாங் ஜம்பிலும் முதல் தாண்டல் பலகைக்குக் கொஞ்சம் பின்னாலிருந்தே எழும்பிவிட வேண்டும், ஒரு அளவு தாளில் ஏறிவிட்டால் அப்புறம் துணிந்து ஓடலாம்.

இந்தியாவில் இதில் யாராவது பெரிதாக வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள். 1974 டெஹ்ரான் ஆசியப் போட்டியில் விஜய் சிங் சௌஹான் தங்கம், சுரேஷ் பாபு வெண்கலம். 1981 டோக்கியோ ஆசிய சாம்பியன்ஷிப்பில் சபீர் அலி தங்கம். அப்புறம் ஆசியப் போட்டிகளில் நீண்ட வறட்சி, 2023 ஹாங்சோவில் தேஜஸ்வின் சங்கர் வெள்ளி வாங்கும்வரை.

தேஜஸ்வின் கதை நம் பையன்களுக்குச் சொல்ல ஏற்றது. டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, ஹைஜம்ப் ஆள். 2016-ல் கோயம்புத்தூரில் நடந்த ஜூனியர் நேஷனலில் 2.26 தாண்டி, பன்னிரண்டு வருஷமாக நின்ற சீனியர் தேசிய சாதனையையே உடைத்தார். அமெரிக்காவின் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையில் படிக்கப் போனார், 2018-ல் 2.29. 2022 காமன்வெல்த் அணியில் பெயர் இல்லாமல் நீதிமன்றம் வரை போய்த்தான் இடம் கிடைத்தது, பர்மிங்காமில் 2.22 தாண்டி வெண்கலத்தோடு வந்தார். அதன் பிறகு ஹைஜம்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்காமல் டெக்கத்லானுக்கு முழுமூச்சாக மாறினார். ஹாங்சோவில் முதல் நாள் முடிவில் அவர்தான் முன்னால். இரண்டாம் நாளில் சீனாவின் சுன் சிஹாவோ தாண்டிப்போனார். 7,816-க்கு 7,666. அந்த 7,666, 2011-லிருந்து நின்ற பாரதிந்தர் சிங்கின் 7,658 தேசிய சாதனையை உடைத்தது.

கவனியுங்கள், ஹைஜம்ப்பில் இந்தியாவின் தலைசிறந்த ஆளே டெக்கத்லானில் இரண்டாம் நாளில்தான் புள்ளியை விட்டார். நம் ஊரில் ஹைஜம்ப், லாங் ஜம்ப் நன்றாக வருகிற பையன்களுக்கும் அதேதான் நடக்கிறது. ஹர்டில்ஸ், டிஸ்கஸ், போல்வால்ட் மூன்றையும் முதலில் பாருங்கள்.

சர்வதேச அளவுக்கு எத்தனை புள்ளி வேண்டும்?

பாரிஸ் ஒலிம்பிக்ஸின் நுழைவு அளவு 8,460, மொத்தம் 24 பேருக்குத்தான் இடம். அங்கே தங்கம் நார்வேயின் மார்க்கஸ் ரூத்துக்கு, 8,796. ஆசிய சாதனை கஜகஸ்தானின் திமித்ரி கார்போவ் 2004 ஏதென்ஸில் எடுத்த 8,725, அதற்கு அவருக்குக் கிடைத்தது வெண்கலம். ஆசியப் போட்டிப் பதக்கத்துக்கு 7,600-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பையன் 20 வயதில் பெரியவர்கள் சாமானோடு 6,500 எடுத்தால் நம்பிக்கையோடு தொடரலாம் என்பது என் கணக்கு, விதி ஒன்றும் இல்லை. பெரும்பாலான நல்ல ஆட்கள் இருபத்தைந்துக்கு மேல்தான் உச்சம் தொடுகிறார்கள். அதனால் கல்லூரி முடிக்கும்போது ஒன்றும் வரவில்லையே என்று விடுவது இந்த விளையாட்டில் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்குவதுதான்.

சர்வதேசச் சுற்றில் ஆஸ்திரியாவின் கோட்சிஸ், பிரான்சின் தலான்ஸ், ஜெர்மனியின் ராட்டிங்கன் என்று சில ஊர்கள் இதற்கென்றே பேர்போனவை. கோட்சிஸில்தான் 2001-ல் செக் நாட்டின் ரோமன் ஷெப்ர்லே முதன்முதலாக 9,000-ஐத் தாண்டினார். உலகத்தரத்து ஆள் ஒருவர்கூட வருஷத்துக்கு இரண்டு மூன்று முழு டெக்கத்லானுக்கு மேல் ஆடுவது அபூர்வம். உடம்பு தாங்காது. மற்ற நாட்களில் தனித்தனி போட்டிகளில் ஓடிப் பார்ப்பார்கள்.

இதில் சம்பாத்தியம் உண்டா? வேலை கிடைக்குமா?

நேராகச் சொல்கிறேன், பரிசுப் பணத்தை நம்பி யாரும் இறங்காதீர்கள். உலக சாம்பியன்ஷிப் தங்கத்துக்கு 70,000 டாலர் என்கிறார்கள், அது உலகத்தில் ஒருவருக்கு. நம் பையன்களுக்கு இது வேலைவழிதான். ராணுவம், ரயில்வே, காவல்துறை, வருமான வரித்துறை இவற்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு. இதில் டெக்கத்லானுக்கு ஒரு சின்ன அனுகூலம் இருக்கிறது. 100 மீட்டரில் மாநிலத்தில் மல்லுக்கு நிற்கிறவர்கள் ஏராளம், டெக்கத்லானில் பத்தையும் ஒழுங்காக முடிக்கிறவர்களே குறைவு. தேசிய அளவில் பதக்கம் வாங்கும் வாய்ப்பு ஒப்பீட்டில் அதிகம். ஆனால் அந்தச் சான்றிதழ் எந்த மட்டத்துப் போட்டியில் வாங்கியது என்பதுதான் முக்கியம், அறிவிப்பில் இருக்கும் தகுதிப் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். எந்த ஏஜெண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எஸ்.டி.ஏ.டி., அதாவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. டிரையல்ஸில் தேறினால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசே பார்த்துக்கொள்ளும்.

படிப்பு கெட்டுவிடாதா, சார்?

அம்மாமார் எல்லாரும் கேட்கிற கேள்வி. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் போகும், மறைக்க மாட்டேன். ஆனால் தேஜஸ்வினைப் பாருங்கள், அமெரிக்கப் பட்டம் கிடைத்ததே அந்த ஹைஜம்ப்பால்தான், மதிப்பெண் இல்லாமல் அந்த உதவித்தொகையும் கிடைத்திருக்காது. பிளஸ் டூவை ஒழுங்காக முடித்துவிட்டு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேருங்கள். பாளையங்கோட்டையில் அதற்குக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகலாம்.

ஜிம்மில் பவுடர் சாப்பிடச் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?

லேபிள் தெரியாத எதையும் தொடாதீர்கள். இதில் நான் கண்டிப்பு. டப்பாவில் எழுதாத தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தாலும் தண்டனை உங்களுக்குத்தான், தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் தப்பிக்க முடியாது. சளிக்கு வாங்குகிற சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும், மூட்டுவலிக்குப் போடுகிற சில ஸ்டீராய்டு ஊசிகள் போட்டிக் காலத்தில் தடை. நாட்டு மருந்து என்பதால் பாதுகாப்பு என்றும் கிடையாது, அதில் என்ன அரைத்திருக்கிறார்கள் என்று யார் பார்த்தது? மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமே “நான் போட்டியில் ஆடுகிறவன், டோப் டெஸ்ட் உண்டு” என்பதாக இருக்கட்டும். அவசியமான மருந்து என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வழி இருக்கிறது.

மேல்மட்டத்துக்குப் போனபிறகு பரிசோதனைப் பட்டியலில் பெயர் சேர்ந்தால், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்று முன்னாலேயே பதிந்து வைக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் மருந்தே சாப்பிடாமலும் தடை விழும். கொடை விழாவுக்கு ஊருக்குப் போகிறோம் என்றால்கூட அதைப் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சரி, அப்ப என்ன சாப்பிடுவது?

வீட்டுச் சாப்பாடு. முட்டை, பயறு, மீன் கிடைத்தால் மீன். போட்டி நாள் காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே நாட்டுப்பழம், உப்புப் போட்ட மோர், கருப்பட்டித் துண்டு. முந்தின நாள் ராத்திரி பரோட்டா சால்னா வேண்டாம். எல்லாம் முடிந்தபிறகு சாப்பிடுங்கள், நானே வாங்கித்தருகிறேன்.

பெண்பிள்ளைகளுக்கு உண்டா?

அவர்களுக்கு ஹெப்டத்லான், ஏழு போட்டி: 100 மீட்டர் ஹர்டில்ஸ், ஹைஜம்ப், ஷாட்புட், 200 மீட்டர், மறுநாள் லாங் ஜம்ப், ஜாவலின், 800 மீட்டர். போல்வால்ட் இல்லாததால் நம் ஊரில் தொடங்குவது ஆண்களைவிட எளிது, அதனால் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுதலாக யோசிக்கலாம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஸ்வப்னா பர்மன் 6,026 புள்ளியோடு தங்கம் வாங்கினார். இரண்டு காலிலும் ஆறாறு விரல், பொருந்துகிற ஸ்பைக்ஸே கிடைக்காது, அன்றைக்குப் பல்வலி வேறு, கன்னத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு ஆடினார். 2023-ல் நந்தினி அகசாராவுக்கு வெண்கலம்.

காயம் அதிகம் வருமா?

வரும். பின்தொடை, கணுக்கால், எறிகிற கையின் முழங்கை, அடிமுதுகு. பெரும்பாலும் தூக்கம் குறைந்ததாலும், அடுத்தடுத்த நாளில் தாண்டல் பயிற்சி வைத்ததாலும் வருவது. ஒரு நாள் தாண்டினால் மறுநாள் எறியுங்கள். ஜாவலின் போடுகிற நேரத்தில் மைதானத்தின் அந்தப் பாதியில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது என் முதல் சட்டம். ஷெப்ர்லே போன்ற ஒலிம்பிக்ஸ் சாம்பியனுக்கே 2007-ல் பயிற்சியின்போது வேறு ஒருவர் எறிந்த ஜாவலின் தோளில் குத்தியது. மாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற அண்ணாச்சிமார் செல்போன் பேசிக்கொண்டே எறிகளத்துக்குள் நுழைகிறார்கள், எவ்வளவு சொன்னாலும் “நீ போடு தம்பி, நான் பாத்துக்கிடுதேன்” என்கிறார்கள். அவர்கள் போகும்வரை ஜாவலினைக் கீழே வையுங்கள்.

வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

தொடக்கத்தில் ஒரு சாதாரண ஓட்டச் செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் போதும். ஆளாளுக்கு நாலு ஜோடி ஸ்பைக்ஸ் எல்லாம் பிறகு வரும். ஓட்டத்துக்கு ஒன்று, ஹைஜம்ப்புக்குக் குதிகாலில் ஆணி வைத்தது ஒன்று, ஜாவலினுக்கு கணுக்காலைக் கட்டிப்பிடிக்கிற பூட்ஸ், ஷாட்டுக்கும் டிஸ்கஸுக்கும் அடிப்பகுதி வழுவழுப்பானது. இப்போதே வாங்க வேண்டியது இருபது முப்பது மீட்டர் அளவு டேப்பும் ஒரு நோட்டும். லாங் ஜம்புக்கு எத்தனை எட்டு, பலகையிலிருந்து எத்தனை மீட்டரில் தொடங்கினாய், காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். நோட்டு இல்லாமல் வருகிறவனை அன்றைக்குச் சுற்று ஓடவிட்டு அனுப்பிவிடுவேன். ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை ஐந்தரை.